பின்வரிசைப் பிள்ளைகளும் ஆடட்டும்

(காரைக்காலில் ஆசிரியர்களும் பெற்றோரும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பின்வரிசைக்குத் தனியாக வணக்கம் சொன்னேன். இன்று நான் பேச வந்ததே அவர்களைப் பற்றித்தான். மரபு ஆடற்கலையும் வளரிளம் பருவத்தாரின் தன்னம்பிக்கையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். தலைப்பு பெரிது, கேள்வி சிறிது. 13 வயதில் குனியத் தொடங்குகிற நம் பிள்ளைகளின் தலையை, நம் மண்ணின் ஆட்டங்களைக் கொண்டு நிமிர்த்த முடியுமா? முடியும். நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனால் அதே ஆட்டத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை இன்னும் குனிய வைக்கவும் முடியும். இரண்டையும் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த ஊரில் நின்றுகொண்டு ஆடலைப் பற்றிப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் காரைக்கால் அம்மையாரை வணங்க வேண்டும். ஆனி மாதம் வந்தால் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்கள் இறைக்கப்படுகின்றன. கீழே கூட்டம் கையேந்தி நிற்கிறது. மாங்கனிக் கதை உங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்தக் கதையில் நாம் வேகமாகத் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது. கணவன் விலகிப் போய்ப் பாண்டி நாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான் என்று தெரிந்தபின், பின்னாளில் அம்மையாரான புனிதவதி இறைவனிடம் என்ன கேட்டாள்? செல்வம் கேட்டாளா? கணவனைத் திருப்பிக் கேட்டாளா? அவனுக்காகத் தாங்கிய இந்த அழகு எனக்கு வேண்டாம், இதைக் கழற்றி எடுத்துக்கொள், பேய் வடிவம் கொடு என்று கேட்டாள். ஊர் கண்ணால் அளந்து பார்க்கும் உடலை உதறிவிட்டு, திருவாலங்காட்டில் இறைவன் ஆடும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் சிற்பத்தின் காலடியில் எலும்பும் நரம்புமாக அவர் அமர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முகத்தில் வெட்கம் இருக்கிறதா? நான் பார்த்தவரை இல்லை. கடல் தாண்டிக் கம்போடியாவில் பண்டேய் ஸ்ரீ கோயிலிலும், ஆடும் சிவன் அருகே அவரை அறிஞர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். காரைக்காலில் பிறந்த ஒரு பெண், எப்படித் தெரிகிறோம் என்ற கவலையை விட்டு, ஆடலின் பக்கத்தில் இடம்பிடித்தாள். கண்ணாடி முன்னாலும் கைப்பேசியின் கேமரா முன்னாலும் நின்று மனம் நோகிற பெண்பிள்ளைகளுக்கு இதைவிட நெருக்கமான கதை இந்த ஊரில் உண்டா?

இன்னொன்றும் உங்களுக்கு நினைவூட்ட ஆசை. திருநள்ளாறு என்றால் உலகத்துக்குச் சனீசுவரர். ஆனால் ஏழு விடங்கத் தலங்களில் திருநள்ளாறும் ஒன்று. அந்த ஏழு தலங்களிலும் தியாகராசர் ஏழு விதமாக ஆடுகிறார். ஆரூரில் அசபா நடனம். நாகையில் கடலலை போல் அசையும் நடனம். திருநள்ளாற்றில் நகரவிடங்கர் ஆடுவது உன்மத்த நடனம், பித்தேறியவன் ஆடும் ஆட்டம். ஒரே இறைவனுக்கு ஏழு ஆட்டங்களை வகுத்த மண் இது. ஒரே மாதிரி ஆடினால்தான் ஆட்டம் என்று இந்த மண் ஒருபோதும் சொன்னதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இனி நம் பிள்ளையிடம் வருவோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல்மேட்டிலிருந்தோ நிரவியிலிருந்தோ வருகிறாள். போன வருடம் வரை வகுப்பில் கையைத் தூக்கிக் கொண்டே இருந்தவள். இந்த வருடம் தோழிகளைவிட உயரம் கூடிவிட்டது. அந்த உயரத்தை மறைக்கக் கூன் போட்டு நடக்கிறாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டால் அவள் சொல்லும் பதில் ஆசிரியருக்கே கேட்பதில்லை. 2023-24 முதல் புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறியபின் இன்னொரு பாரமும் சேர்ந்துகொண்டது. விடை தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் வாய் திறக்கப் பயம். பையன்கள் மட்டும் என்ன? குரல் உடைந்தவன் பேசுவதை நிறுத்திவிடுகிறான். மெலிந்தவனைக் குச்சி என்கிறார்கள், பருத்தவனைக் குண்டன் என்கிறார்கள். அவன் விளையாட்டு மைதானத்தின் ஓரத்துக்குப் போய்விடுகிறான். இது எதுவும் மதிப்பெண் பட்டியலில் வராது. பெற்றோர் கூட்டத்தில் யாரும் கேட்பதும் இல்லை.

இந்தப் பிள்ளையிடம் போய், "தைரியமாக இரு, தன்னம்பிக்கையோடு இரு" என்று சொன்னால் வந்துவிடுமா? எத்தனை தன்னம்பிக்கைச் சொற்பொழிவுகளை நம் பிள்ளைகள் கேட்டுவிட்டார்கள்! உளவியலறிஞர் ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே இதை எழுதிவிட்டார். என்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு ஊற்றுகள் பல உண்டு. பிறர் சொல்லும் ஊக்கமொழி அவற்றில் ஒன்றுதான், அது வலுவான ஊற்றும் அல்ல. எல்லாவற்றிலும் வலுவானது, முடியாததாக இருந்த ஒன்றைத் தானே செய்து முடித்த அனுபவம். வெளியிலிருந்து ஊட்ட முடியாது. அந்தப் பிள்ளையின் கையும் காலும் செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இங்கேதான் ஆட்டம் வருகிறது. பரதத்தில் முதல் பாடம் என்ன? அரைமண்டி. குதிகால்கள் சேர, பாதங்கள் பக்கவாட்டில் திரும்ப, முழங்கால்கள் இருபுறமும் விரிய மடங்கி, இடுப்பில் கைவைத்து நிற்க வேண்டும். முதுகு வளைந்தால் அரைமண்டி நிற்காது. கூன் போட்டுப் பழகிய அந்தப் பெண்ணிடம் "நிமிர்ந்து நில்" என்று ஒருவரும் அறிவுரை சொல்ல வேண்டியதில்லை. அந்த நிலையே அவள் முதுகை நிமிர்த்திவிடும். முதல் வாரம் தொடை எரியும். மாடிப்படி இறங்கும்போது முகம் சுளிப்பாள். ஆசிரியை தட்டுக்கழியால் கட்டையில் தட்டி "தையா தை" என்பார். அதுதான் தட்டடவு, காலைத் தட்டும் முதல் பயிற்சி. மெதுவான ஒன்றாம் காலம் வந்துவிடும். இரண்டாம் காலத்தில் கால் தடுமாறும். மூன்றாம் காலத்தில் கால் ஓரிடம், தாளம் ஓரிடம். அழுகை வரும். ஒருநாள், அவளே எதிர்பாராத ஒருநாள், மூன்று காலமும் ஒன்றாக விழும். அன்று அந்தப் பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். யாரும் கைதட்டவில்லை, பரிசு தரவில்லை, நேற்று கேட்காத கால் இன்று கேட்டுவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒன்றை அவளிடமிருந்து இனி யாராலும் பிடுங்க முடியாது.

அடுத்தது குரல். ஆடினால் மட்டும் போதாது, சொற்கட்டைக் கையில் தாளம் போட்டு வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "தித் தித் தை" என்று சத்தமாக, தெளிவாக, அளவு பிசகாமல் சொல்ல வேண்டும். வருகைப் பதிவில் குரல் எழும்பாத பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சொற்களில் தமிழ் தவறு, ஆங்கிலத் தவறு என்று எதுவும் கிடையாது. உச்சரிப்பைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் இடமில்லை. தாளம் சரியாக இருந்தால் சரி. வாய் அங்கே திறந்து பழகிவிட்டால், பிறகு மற்ற இடங்களிலும் திறக்கும்.

அப்புறம் அபிநயம். தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இந்த எட்டையும் ஒரு பிள்ளை முகத்தில் கொண்டுவரப் பழகுகிறது. அச்சத்தை நடிக்கப் பழகிய பிள்ளைக்கு ஒரு நன்மை உண்டு. தன் உடலில் அச்சம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அதற்குத் தெரிந்துவிடும். தோள் ஏறுவது, மூச்சு மேலே நிற்பது, விரல் இறுகுவது, எல்லாம் தெரியும். தேர்வறை வாசலில் அதே தோள் ஏறும்போது, அதைத் தானே இறக்கிவிட அதற்கு வழி தெரியும். பெருமிதம் என்று சொன்னாரே, அது எவற்றிலிருந்து பிறக்கிறது என்று சொல்லுமிடத்தில் தொல்காப்பியர் முதலாவதாக வைத்தது கல்வியை. கற்றதனால் வரும் நிமிர்வு. அதைத்தான் நாம் நம் பிள்ளைகளுக்குக் கேட்கிறோம்.

பரதம் பரதம் என்கிறாரே, எங்கள் பிள்ளைகளுக்கு அது எட்டுமா என்று சிலர் நினைக்கலாம். நியாயமான எண்ணம். அரங்கேற்றம் என்றால் லட்சக்கணக்கில் செலவு என்று ஆகிவிட்ட காலம் இது. பரதத்தின் வரலாற்றிலேயே ஒரு காயமும் இருக்கிறது. தஞ்சை நால்வர், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, வழுவூர் இராமையா பிள்ளை என்று நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் நட்டுவனார்களும், கோயில்களில் ஆடிய பெண்களும் காத்து வந்த கலை, ஒரு கட்டத்தில் அந்தப் பெண்களை வெளியே நிறுத்திவிட்டு வேறு வீடுகளுக்குப் போனது. 1925-ல் ஏழு வயதில் காஞ்சியில் அரங்கேறிய பாலசரசுவதி, அந்த மரபின் பெண்ணாக நின்று அதன் மதிப்பைக் காத்தார். இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தான் கற்பிக்க வேண்டும். மறைத்துக் கற்பித்தால் அது பாதிக் கல்வி.

ஆனால் ஆட்டம் என்பது பரதம் மட்டும்தானா? கும்மி இருக்கிறது, கோலாட்டம் இருக்கிறது, ஒயில் இருக்கிறது, கரகம் இருக்கிறது, பறையாட்டம் இருக்கிறது, தஞ்சை மண்ணின் பொய்க்கால் குதிரை இருக்கிறது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா என்ற துறவி 1990-ல் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். இன்று நான் சொல்ல வந்த எல்லாவற்றுக்கும் கண்கண்ட சான்று அந்தக் குழுதான். பெரும்பாலும் தலித் குடும்பங்களின் இளம்பெண்கள். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றவர்கள் பலர். அவர்கள் கையில் என்ன கொடுத்தார்கள் தெரியுமா? பறையைக் கொடுத்தார்கள். எந்தக் கருவியைச் சாவுக்கு மட்டும் அழைத்து, அடித்தவனைத் தெருவோரம் நிறுத்தினார்களோ, அந்தக் கருவியை. பெண்கள் தொடக்கூடாது என்று வழக்கம் சொன்ன கருவியை.

பறையைக் கையில் எடுப்பது சாதாரண வேலையா? வட்டச் சட்டம் தோளிலிருந்து தொங்கும். தோலை நெருப்பருகே காட்டிக் காய்ச்ச வேண்டும். சூடு குறைந்தால் ஓசை தளரும். இடக்கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. அடித்துக்கொண்டே அடவு வைத்துச் சுழல வேண்டும். அப்படி ஆடும்போது தலையைக் குனிந்துகொண்டு ஆட முடியாது, தோழர்களே! சுற்றி நிற்பவர்களைக் கண்ணோடு கண் பார்த்துத்தான் ஆட வேண்டும். ஊர் நடுவில், எல்லோரும் பார்க்க, அந்தப் பெண்கள் நிமிர்ந்து அடித்தார்கள். அவமானம் என்று கொடுக்கப்பட்டதைத் தங்கள் பெருமை என்று அறிவித்தார்கள். இதைவிட என்ன தன்னம்பிக்கைப் பயிற்சி வேண்டும்?

இன்னொருவரையும் சொல்லாமல் நகர முடியாது. மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ். திருநங்கை என்பதற்காகப் பள்ளியிலும் தெருவிலும் வீட்டிலும் பட்ட துன்பங்களை அவரே பல மேடைகளில் பேசியிருக்கிறார். தோழி சக்தியோடு தஞ்சைக்கு வந்து, தஞ்சை நால்வர் வழிவந்த கிட்டப்பா பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் நாட்டியம் பயின்றார். 2019-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். உங்கள் வகுப்பில், எந்த வரிசையிலும் சேர்த்துக்கொள்ளப்படாத ஒரு பிள்ளை இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

உணர்ச்சியாகப் பேசுகிறாரே, ஆய்வு ஏதாவது உண்டா என்று அறிவியல் ஆசிரியர்கள் கேட்கலாம். உண்டு. சுவீடனில் 13 முதல் 18 வயது வரையுள்ள 112 பெண்பிள்ளைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்து, 2013-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. தலைவலி, வயிற்றுவலி, மனச்சோர்வு என்று பள்ளிச் செவிலியரிடம் அடிக்கடி வந்த பிள்ளைகள் அவர்கள். ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு நாள், 75 நிமிடம், எட்டு மாதம் நடன வகுப்பு. மறு பகுதியினருக்கு இல்லை. ஆடிய பிள்ளைகள் தங்கள் உடல்நலத்தைத் தாங்களே மதிப்பிட்டபோது தெளிவான முன்னேற்றம். வகுப்பு நின்று மாதங்கள் ஓடிய பின்னும் அது நிலைத்திருந்தது. அவர்கள் ஆடியது நம் ஆட்டம் அல்ல, அளந்ததும் நலத்தைத்தான், தன்னம்பிக்கையை நேரடியாக அல்ல. அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வகுப்பை நடத்திய விதத்தைக் கவனியுங்கள். நன்றாக ஆட வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இல்லை. போட்டி இல்லை. அசைவின் மகிழ்ச்சிக்குத்தான் முதலிடம்.

இப்போது நான் சற்றுக் கடுமையாகப் பேச வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். நம் பள்ளிகளில் ஆட்டம் எப்போது வருகிறது? ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் முன்னால் வருகிறது. யாரைத் தேர்ந்தெடுக்கிறோம்? சிவந்த நிறம், ஒல்லியான உடல், ஏற்கெனவே ஆடத் தெரிந்த கால்கள். அவர்கள் முன்வரிசை. கறுத்த பிள்ளை, பருத்த பிள்ளை, உடைக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளை எங்கே? பின்வரிசையில், அல்லது நாற்காலி எடுத்துப் போடும் வேலையில். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஒரு பாடம் படிக்கிறது. என் இடம் பின்னால்தான் என்ற பாடம். அதை அழிக்க எத்தனை வருடம் ஆகும் என்று நமக்குத் தெரியுமா? தன்னம்பிக்கைக்கு மருந்தாக வேண்டிய கலையை நாமே நஞ்சாக்கிவிடுகிறோம். விழா நன்றாக நடந்தது என்று ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொள்கிறோம்.

எனவே என் வேண்டுகோள் இதுதான். மேடையைப் பின்னால் வையுங்கள், பயிற்சியை முன்னால் வையுங்கள். தேர்வு வேண்டாம், எல்லாப் பிள்ளைகளும் ஆடட்டும். வரிசையை ஒவ்வொரு வாரமும் மாற்றுங்கள். கும்மியில் பின்வரிசை ஏது? வட்டம்தானே! வட்டத்தில் நிற்கிறவர் எல்லோரும் எல்லோருக்கும் எதிரில் நிற்கிறார்கள். ஏழு விதமாக இறைவனை ஆடவைத்த மண்ணில், ஒரு பிள்ளையின் உடலுக்கு ஏற்ற ஆட்டம் ஒன்றுகூடவா கிடைக்காது?

பையன்கள் ஆடுவதா என்று தயங்கும் தந்தையருக்கு ஒரு சொல். ஒயிலாட்டம் ஆண்கள் வரிசை கட்டி ஆடிய ஆட்டம். நட்டுவாங்கம் செய்து பரதத்தை வளர்த்தவர்கள் ஆண்கள். அதுவும் மனத்துக்கு ஒப்பவில்லையா, சிலம்பத்திலிருந்து தொடங்குங்கள். காலடி வரிசையும் தாளமும் அங்கேயும் உண்டு. இந்த ஊர் கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் சேர்ந்திருக்கும் ஊர். பக்திப் பாடல் வேண்டாம் என்று ஒரு குடும்பம் சொன்னால் அதை மதியுங்கள். அறுவடைக்கு ஆடலாம், கடலுக்கு ஆடலாம், வெறும் தாளத்துக்கும் ஆடலாம். அடவுக்கு மதம் கிடையாது.

நேரம் எங்கே இருக்கிறது என்று தலைமையாசிரியர்கள் கேட்பார்கள். 2019-லேயே சி.பி.எஸ்.இ. வாரியம், ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை வாரத்துக்குக் குறைந்தது இரண்டு பாடவேளை கலைக்கல்விக்கு ஒதுக்கச் சொல்லிவிட்டது. மேல்நிலை வகுப்பில் பரதநாட்டியத்தை விருப்பப் பாடமாகவே எடுக்கலாம். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு மத்திய அரசு 2015 முதல் கலா உத்சவ் என்ற கலைப்போட்டியை நடத்துகிறது. பாடத்திட்டம் மாறியதில் சுமை மட்டும் வரவில்லை, இந்தக் கதவும் திறந்திருக்கிறது. அந்த இரண்டு பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கொடுத்துவிடாதீர்கள்.

ஆசிரியர் எங்கே? பேருந்து ஏறினால் மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர். சுற்றிலும் ஆட்டக்காரர்கள் வாழும் ஊர்கள். வருடத்தில் பெரும்பகுதி வேலையில்லாமல், திருவிழாக் காலத்தில் மட்டும் வயிறு நிரம்பும் கரகாட்டக் கலைஞர்களும் பறைக் கலைஞர்களும் உங்கள் கொம்யூன் பஞ்சாயத்திலேயே இருப்பார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழையுங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஐயா என்று, அம்மா என்று பிள்ளைகள் கூப்பிடட்டும். உரிய ஊதியம் கொடுங்கள். தன் தெருவில் ஆடிய தாத்தா தன் பள்ளிக்கு ஆசிரியராக வருவதைப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு நீங்கள் வேறு எதுவும் போதிக்க வேண்டியிராது.

இங்கிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் பூம்புகார். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டு வயதில் மாதவி அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். அரங்கு எத்தனை கோல் அகலம், எத்தனை கோல் நீளம், எத்தனை கோல் உயரம் என்று அளந்து சொன்ன இளங்கோவடிகள், அந்த ஏழாண்டுப் பயிற்சியையும் மறக்காமல் சொல்கிறார். நாம் மூன்று வாரத்தில் முடிக்கப் பார்க்கிறோம். ஏழாண்டு கேட்கவில்லை. ஆறாம் வகுப்பில் தொடங்கி ஒன்பதாம் வகுப்பு வரை, வாரத்துக்கு இரண்டு பாடவேளை கேட்கிறேன்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளை வீட்டில் அடவு போட்டுப் பார்த்தால் கைப்பேசியை எடுத்துப் படம் பிடிக்காதீர்கள். விருந்தினர் வந்ததும் "எங்கே, ஆடிக் காட்டு" என்று நடுவீட்டில் நிறுத்தாதீர்கள். பிள்ளை தானாக வந்து, "அம்மா, பாரேன்" என்று சொல்லும் நாள் வரும். அன்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பாருங்கள்.

தலைமையாசிரியர்கள் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் நான் வாசலில்தான் நிற்பேன். எந்த வகுப்பில், எந்தக் கிழமையில், எந்த அறையில் தொடங்கப் போகிறீர்கள் என்று ஒருவராவது என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.